வாழ்த்துகளால் நிரம்பிய பெட்டி

பொன்னுலிங்கத்தின் மெயில்பெட்டி நிரம்பி, உள்ளே நுழைய இடம் கிடைக்காத மெயில்கள் எல்லாம் எதிரில் எந்த வாய் கிடைக்கிறதோ அந்த வாய் வழியாக வந்து அவரிடம் சேரத் தொடங்கிய அந்த மாசி மாதத்தில், வெள்ளரித்துறையில் வேறு எதுவும் மாறவில்லை; வள்ளங்கள் வழக்கம்போலக் கரையேறின, இறால் வழக்கம்போல ஐஸ் பெட்டிகளில் வந்தது, வெண்சங்கு கம்பெனியின் சங்கு வழக்கம்போல எட்டு மணிக்கு ஊதியது, முந்நூற்று நாற்பது பெண்கள் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு இறால் உரிக்கப் போனார்கள். ஜெசிந்தா மட்டும் தன் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து, காத்திருக்கும் மெயில்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷமாக அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களையும் மெயிலையும் கட்டி மேய்ப்பவள் அவள்தான். ஊரில் அவளுக்கு மெயிலக்கா என்று பெயர்.

அந்தப் பெட்டி எப்படி நிரம்பியது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் எல்லாரும் அதை வேறு மாதிரி சொன்னார்கள். பொன்னுலிங்கம் முதலாளிக்கு வாயால் சொல்வது செல்லாது. அவர் அறை வாசலில், 'எதுவானாலும் மெயிலில் மட்டும்' என்று பித்தளையில் வெட்டிய பலகை ஒன்று தொங்கும். வயிற்றுவலி என்றாலும் மெயில், தண்ணீர் வரவில்லை என்றாலும் மெயில், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒருமுறை ஒருத்தி கேட்டதற்கு அதற்கும் மெயில்தான் என்றார், சிரிக்காமல். அதனால் உரிக்கும் கூடத்து மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, மேசைக்கு ஒருத்தி வீதம் எழுதப் படித்தவர்கள் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதி அனுப்புவார்கள். அவர் அதில் பாதியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார், ஆனால் வாழ்த்து வந்தால் திறப்பார். புத்தாண்டு வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் போட்ட வாழ்த்து, எல்லாவற்றையும் திறந்து பார்த்து, திரும்பவும் பார்த்து, ஒன்றையும் அழிக்காமல் வைத்திருந்தார். இடம் போதவில்லை, பழைய வாழ்த்துகளை எடுத்துவிடலாமா என்று ஜெசிந்தா வருஷத்துக்கு இரண்டு முறை கேட்பாள். "ஒரு வாழ்த்தைக்கூட அழிக்கக் கூடாது" என்பார்.

தை மாதம் நடுவில் அவருக்கு மணிவிழா வந்தது. முற்றத்தில் அவர் படம் போட்ட இருபதடி பிளக்ஸ் கட்டி, கம்பெனியில் வேலை பார்க்கும் ஒவ்வொருத்தியும் அதன் முன்னால் கும்பிட்டபடி நின்று போட்டோ எடுத்து, ஆளுக்கொரு மெயிலாக அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். படத்தைச் சுருக்கி அனுப்பலாம் என்று ஜெசிந்தா சொல்லிப் பார்த்தாள். சுருக்கினால் பிளக்ஸில் என் முகம் மங்கலாகிறது, அப்படியே அனுப்பு என்றார். முந்நூற்று நாற்பது கும்பிடும் அப்படியே போயின. கடைசியில் மாலை மாற்றும் படங்களையும் ஊர்ப் பெரியவர்கள் பொன்னாடை போர்த்திய படங்களையும் ஜெசிந்தாவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். அன்று சாயங்காலம் பெட்டி நிரம்பியது. மறுநாளிலிருந்து அவருக்கு யார் எழுதினாலும், பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது, உங்கள் மெயிலைச் சேர்க்க முடியவில்லை என்ற பதில்தான் வந்தது.

அதற்கடுத்த நாள் காலை பதினொன்று நாற்பதுக்கு அமலி ஒரு மெயில் அனுப்பினாள். அமலி ஜெசிந்தாவின் தங்கை. இரண்டாம் உறைவிப்பு அறையின் மேற்பார்வையாளர். ஐஸ் மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் அவளுக்கு. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருத்தியைக் கூப்பிட்டால் கரையில் வலை காயப்போடுகிறவனும் திரும்பிப் பார்ப்பான். முதலாளி இருமுவது, மேனேஜர் தும்முவது, எல்லாவற்றையும் அந்தக் குரலில் செய்துகாட்டிச் சிரிக்க வைப்பாள். அவளுடைய மெயிலும் திரும்பி வந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவள் அக்காவின் அறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். அக்கா அதற்கு என்ன பதில் சொன்னாள் என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்பதாம் நாள் இரண்டாம் அறையின் குழாய் பிளந்து அம்மோனியா கேஸ் பரவியது. இருபத்து மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். கதவின் உள்தாழ் ஐஸ் பிடித்து ஒட்டிக்கொண்டதில் இரண்டு பெண்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். வெளியே வந்துவிட்ட அமலி அவர்கள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே திரும்ப உள்ளே போனாள். கத்திக்கொண்டு போனதால்தான் அவ்வளவு கேஸும் தொண்டைக்குள் இறங்கியது என்று டாக்டர் சொன்னார். இரண்டு பெண்களும் பிழைத்தார்கள், அமலியும் பிழைத்தாள், ஆனால் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. இனி வராது என்றார்கள்.

மூன்று நாள் கழித்துப் பொன்னுலிங்கம் கம்பெனி வாசலில் எல்லார் முன்னிலையிலும் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு யாருமே சொல்லல. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா?"

கூட்டத்தில் ஜெசிந்தாவும் நின்றிருந்தாள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் அந்த மனிதரை வெறுத்தாள், சாப்பிடும்போதும் வெறுத்தாள், தங்கையின் தொண்டைக்கு மருந்து ஊற்றும்போதும் வெறுத்தாள். அமலி எழுதியதை அவர் காதால் கேட்க வேண்டும், நாலு பேர் பார்க்கக் கேட்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை அது தொடங்கியது.

டீ கொண்டுபோகும் சுடலி, எழுத்து வாசனையே இல்லாதவள், முதலாளி அறைக்குள் போய் டீ என்று சொல்ல வாயைத் திறந்து, "பெறுநர், உயர்திரு பொன்னுலிங்கம் அவர்கள். அனுப்புநர், உரிக்கும் கூடம், மூன்றாம் மேசை. பொருள், பெண்கள் கழிவறையின் தாழ்ப்பாள்" என்று ஆரம்பித்து, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, ஐயா அவர்கள் தயவுசெய்து கவனிக்கவும், இப்படிக்கு தங்கள் உண்மையுள்ள என்பது வரை நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டு, நாக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "டீ ஆறிடும், குடிங்க" என்று வந்துவிட்டாள். ஜெசிந்தாவின் திரையில், காத்திருந்த இருநூற்றுப் பதின்மூன்று மெயில்களில் ஒன்று வரிசையிலிருந்து நீங்கி, 'சேர்க்கப்பட்டது' என்று விழுந்தது.

அன்றைக்கே அவருடைய வீட்டம்மா இடியாப்பம் பரிமாறிக்கொண்டே, வேனில் எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் இருபது பேரை ஏற்றுவதைப் பற்றிய மெயிலைச் சொல்லிவிட்டு, இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்டாள். சவரம் செய்ய வந்த முத்துவீரன், கத்தியை அவர் கழுத்தில் வைத்தபடி, கையுறை கிழிந்து இறால் முள் குத்திச் சீழ் வைத்த விரல்களைப் பற்றி ஒரு மெயில் சொன்னான். எழுந்து ஓட முடியாமல் முதலாளி அதை 'இப்படிக்கு' வரைக்கும் கேட்டார். கோயிலில் பூசாரி கற்பூரத்தட்டை நீட்டி, பேரையும் நட்சத்திரத்தையும் கேட்பதற்குப் பதிலாக, கர்ப்பமாயிருக்கும் பெண்களைக் குளிர் அறையில் நிற்கவைப்பது குறித்து என்று தொடங்கினார். முதலாளி காதில் பஞ்சை வைத்துப் பார்த்தார், பஞ்சைத் தாண்டிக் கேட்டது. போனை எடுத்தால் போனில் பேசுகிறவர் ஒழுங்காகத்தான் பேசினார். நேரில் நின்ற வாய்க்கு மட்டும்தான் அந்தப் பழக்கம்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழையை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது. பெட்டியில் இடம் இல்லை, அனுப்பினது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும் என்று மீன் ஏலக் கூடத்தில் பேசிக்கொண்டார்கள். மெயில் சொன்ன வாய்க்குக் கொஞ்ச நேரம் ஐஸ் கட்டியைக் கடித்ததுபோல நாக்கு விறைத்துப்போகும் என்பதால், கம்பெனி வாசல் டீக்கடையில் சுக்குக் காப்பி போட்டு வைத்தார்கள். மெயில் சொல்லிவிட்டு வருகிறவரிடம் யாரும் உடனே பேச்சுக் கொடுக்கக் கூடாது, காப்பி குடித்து முடிக்க விட வேண்டும் என்று ஒரு வழக்கம் தானாகவே ஏற்பட்டது. யாருடைய மெயில் யார் வாயில் வரும் என்பது தெரியாததால், பகைக்காரி எழுதியதைப் பகைக்காரி சொல்ல வேண்டி வந்து, கூடத்தில் பத்து வருஷம் பேசாமல் இருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். முதலாளியைப் பார்த்தாலே தெருவில் ஒதுங்கி நின்றவர்கள் இப்போது வலியப் போய் அவர் முன்னால் நின்று, வணக்கம் சொல்வதற்கென்று வாயைத் திறந்தார்கள்.

இரண்டாம் நாளே பொன்னுலிங்கம் ஜெசிந்தாவைப் போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா ஜெசி, இதை நிப்பாட்ட வழியிருக்கா இல்லியா?"

"இருக்கு முதலாளி. பழைய வாழ்த்தையெல்லாம் அழிச்சா இடம் வந்திரும். காத்துக்கிட்டிருக்கது எல்லாம் பெட்டிக்குள்ள போயிரும். பெறவு ஒருத்தர் வாயிலயும் வராது."

"அழிக்கதப் பத்திப் பேசாதே. வேற?"

வேறு வழி இருந்தது. பெட்டியின் கொள்ளளவைக் கூட்டிவிடலாம், ஒரு எண்ணை மாற்றி ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஆனால் அப்படிச் செய்தால் அமலியின் மெயிலும் சத்தமில்லாமல் அந்த முந்நூற்று நாற்பது கும்பிடுகளுக்கு அடியில் போய் விழும், அவர் அதைத் திறக்கவே மாட்டார். ஜெசிந்தா தன் பதினைந்து வருஷ வேலையில் முதல் பொய்யைச் சொன்னாள்.

"பெட்டியப் பெரிசாக்கலாம் முதலாளி. ஆனா அதுல மணிவிழாப் படம் கொஞ்சம் அழிஞ்சாலும் அழிஞ்சிரும். நான் பொறுப்பில்ல."

"எந்தப் படம்?" என்றார்.

"மாலை மாத்துற படம்."

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு ஜெசிந்தா சிரித்தாள். குழாய் பிளந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான், அந்தச் சிரிப்பு அவளுக்கே நன்றாக இல்லை.

ஆனால் அமலியின் மெயில் வரவில்லை. நாள் போகப் போக வரிசை குறைந்தது, தாழ்ப்பாளும் வேனும் கையுறையும் சோற்றில் கிடந்த புழுவும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, அமலியுடையது மட்டும் கடைசியிலேயே நின்றது. காரணம் ஜெசிந்தாவுக்குத் தெரியும். அந்தப் பழைய சர்வர் எப்போதும் எடை குறைந்த மெயிலை முதலில் தள்ளும், கனமானதைப் பின்னால் நிறுத்தும். அமலி மூன்று படங்களை இணைத்து அனுப்பியிருந்தாள். சர்வருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சேராத மெயிலை நாற்பது நாள் வைத்திருந்து கால்மணிக்கொரு தரம் முயன்று பார்க்கும், நாற்பது நாள் முடிந்த நிமிஷத்தில் தூக்கிப் போட்டுவிடும். அமலியுடைய நாற்பதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. தொழிற்சாலை ஆய்வு அதிகாரி விசாரணைக்கு வருவதும் அதே வெள்ளிக்கிழமை.

இதற்கிடையில் ஊர்க்காரர்களுக்கு ருசி கண்டுவிட்டது. கம்பெனிக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லாதவர்கள்கூட பிரௌசிங் சென்டருக்குப் போய் முதலாளிக்கு மெயில் எழுதினார்கள். கழிவுத்தண்ணீரால் கரைமீன் செத்ததைப் பற்றி ஒருவர் எழுதினார், முதலாளியின் கார் ஆட்டை அடித்துவிட்டு நிற்காமல் போனதைப் பற்றி ஒருத்தி எழுதினாள். எல்லாம் இரண்டு வரி, மூன்று வரி, எடை இல்லாத மெயில்கள். வந்ததெல்லாம் அமலியை முந்திக்கொண்டு நின்றது. அந்தக் கடைசி வாரம் திங்கட்கிழமை ஜெசிந்தா மீன் ஏலக் கூடத்துக்கு நேரே போய், கூடையை வைத்துவிட்டு நின்ற பெண்களிடமும் வலைக்காரர்களிடமும் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் புதுசா எழுதாதீங்க. உங்க மெயில் முன்னால நின்னா எந்தங்கச்சி மெயில் வராது. நாளு முடிஞ்சு அது போயிரும்."

சுடலிதான் கேட்டாள். "அதுல என்ன எழுதியிருக்கு மெயிலக்கா?"

"முதலாளிகிட்ட யாரும் சொல்லலன்னு சொன்னாவல்லா. சொன்னது அதுல இருக்கு."

பிரௌசிங் சென்டர் அன்றைக்கே காலியானது. செவ்வாயும் புதனும் ஊரே முறைவைத்துக்கொண்டு முதலாளி போகிற வழியெல்லாம் நின்று, மிச்சமிருந்த மெயில்களைத் தங்கள் வாயால் சொல்லித் தீர்த்தது. பாக்குக்கடைக்காரர் சொன்னார், தபால்காரர் சொன்னார், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சம்பந்தி வீட்டார் புருஷனும் பெண்டாட்டியுமாக ஆளுக்கொன்று சொன்னார்கள். புதன் சாயங்காலம் வரிசையில் ஒரே ஒரு மெயில் நின்றது.

ஆனால் அந்த நாற்பது நாள் கணக்கை மேனேஜர் மாசிலாமணியும் கண்டுபிடித்துவிட்டார், திரும்பி வந்த மெயில்களின் கடைசி வரியிலேயே அது பொடி எழுத்தில் இருந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி, வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பது தாண்டிவிட்டால் அது தானாகப் போய்விடும், அதுவரை ஒருத்தர் முகத்திலும் விழிக்காமல் இருந்தால் போதும் என்று முதலாளிக்கு மெயில் எழுதி, அது உள்ளே போகாது என்பது நினைவு வந்து, போனில் சொன்னார். ஒரு மாதமாக ஊரார் வாயால் மெயில் கேட்டுக் களைத்துப்போயிருந்த பொன்னுலிங்கம் வியாழக்கிழமை காலையிலேயே தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சர்க்கரை வியாதிக்காரர், நேரத்துக்கு மாத்திரையும் கஞ்சியும் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். வாய் உள்ள எந்த ஆளும் ஆகாது.

மாசிலாமணி ஜெசிந்தாவின் அறைக்கு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன் தங்கச்சியை வரச் சொல்லும்மா. முதலாளி ரூம்ல உதவிக்கு. நிரந்தர வேலை. நாளைக்கு அதிகாரி வரும்போது அவங்களும் பார்த்த மாதிரி இருக்கும், கம்பெனி கைவிடலன்னு."

"அவளையா?"

"அவளத்தான். வாயத் திறந்தா காத்துதான வரும்னு முதலாளியே சொன்னாவ" என்று சொல்லிவிட்டு, சொன்னது கொஞ்சம் அதிகம் என்று பட்டு, தரையைப் பார்த்தார்.

ஜெசிந்தாவுக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அதைவிட, தோற்றுப்போன மாதிரியும் இருந்தது. மிச்சமிருந்த ஒரே மெயிலுக்கு எதிரில், ஊரில் மெயில் சொல்ல முடியாத ஒரே வாயைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். எந்தப் பொத்தானை அமுக்கியும் அவளால் இதை மாற்ற முடியாது. வீட்டுக்குப் போய், எப்படியும் வேண்டாம் என்பாள் என்ற நினைப்பில் அமலியிடம் சொன்னாள். அமலி போனை எடுத்து, 'என் மெயில் இன்னும் வரிசையில நிக்கா?' என்று தட்டிக் காட்டினாள். நிற்கிறது என்றாள் ஜெசிந்தா. அமலி, 'அப்ப போறேன்' என்று தட்டினாள். அவள் இன்னும் ஏதோ தட்ட ஆரம்பித்தாள், நிறுத்தி, அதை அழித்துவிட்டுப் போனைத் தலைகீழாக வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து தங்கை அக்காவிடம் இப்படி எதையோ எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறாள். என்னவென்று ஜெசிந்தா கேட்டதில்லை, ஏனென்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஜெசிந்தா தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறை வாசலில், பித்தளைப் பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அமலி உள்ளே இருந்தாள். வராந்தாவில் சுடலியும் முத்துவீரனும் உரிக்கும் கூடத்துப் பெண்கள் நாற்பது ஐம்பது பேரும் கையில் ஐஸ் ஈரத்தோடு வந்து நின்றார்கள். பதினொன்றேகாலுக்கு சர்வர் ஒருமுறை முயன்றது, சேரவில்லை. பதினொன்றரைக்கு இன்னும் ஒருமுறை முயன்றது, சேரவில்லை. அமலி கஞ்சியைக் கொடுத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி நின்றிருப்பாள் என்று ஜெசிந்தா நினைத்தாள். ஒவ்வொரு வாயும் அவருக்கு நேராக நின்று பேசத் திறந்தபோதுதான் மெயில் வந்தது. பேசக் குரலே இல்லாதவள் எதற்காகத் திறப்பாள்?

பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்த ஆய்வு அதிகாரி பதினொன்று முப்பத்து நாலுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதுக்காரர், கைப்பையும் குடையும் வைத்திருந்த ஒரு அம்மா. மாசிலாமணி குறுக்கே போய் நின்று, முதலாளி ஓய்வெடுக்கிறார், முதலில் காப்பி சாப்பிடலாம் என்றதைக் காதிலேயே வாங்காமல் நேராகப் போய்க் கதவைத் தள்ளினார். பொன்னுலிங்கம் எழுந்து நின்று, அதிகாரி வாயைத் திறப்பதற்குள், பேச வேண்டாம் பேச வேண்டாம் என்று இரண்டு கையாலும் சைகை காட்டி, நாற்காலியை எடுத்துப் போடு என்று அமலியைப் பார்த்து விரலை ஆட்டினார். அதிகாரி அவருடைய கையைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற ஜெசிந்தாவிடம் திரும்பி, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் அமலி வாயைத் திறந்தாள். யாரென்று தானே சொல்லிவிடலாம் என்று பழைய ஞாபகத்தில் திறந்தாள், முதலாளிக்கு நேர் எதிரே நின்று.

"பெறுநர், திரு பொன்னுலிங்கம், முதலாளி."

ஐஸ் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற அதே குரல். வராந்தாவில் நின்ற பெண்களில் உள்ளே மாட்டிக்கொண்டு பிழைத்த இரண்டு பேரும் அதைக் கேட்டதும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

"அனுப்புநர், அமலி, மேற்பார்வையாளர், உறைவிப்பு அறை இரண்டு. பொருள், கேஸ் குழாய் இணைப்பு. ஐயா, வணக்கம். இரண்டாம் அறையில் கதவுக்கு மேலே போகும் குழாயின் இணைப்பில் நான்கு நாளாகக் கேஸ் கசிகிறது. பக்கத்தில் நின்றால் கண் எரிகிறது. ஈரத்துணி சுற்றி வைத்திருக்கிறோம், அது போதாது. கதவின் உள்தாழ் ஐஸ் பிடித்து ஒட்டிக்கொள்கிறது, வெளியிலிருந்து ஒருவர் இழுத்தால்தான் உள்ளே இருப்பவர் வர முடிகிறது. மெக்கானிக்கிடம் வாயால் சொன்னேன். உங்கள் அனுமதி மெயிலில் வந்தால்தான் மெஷினை நிறுத்த முடியும் என்றார். ஒரே ஒரு நாள் நிறுத்த அனுமதி கொடுங்கள். அந்த நாள் வேலையை ஞாயிற்றுக்கிழமை வந்து முடித்துத் தருகிறோம், எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். படம் ஒன்று, குழாயின் இணைப்பு, துருப் பொருக்குப் பூத்திருக்கிறது. படம் இரண்டு, ஈரத்துணி. படம் மூன்று, உள்தாழ். அதைப் பிடித்திருக்கும் கை என்னுடையது."

பொன்னுலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குரல் நிற்கவில்லை.

"குறிப்பு. உங்கள் பெட்டி நிரம்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். இது திரும்பி வந்தால் என் அக்காவிடம் சொல்வேன். அவள் பார்த்துக்கொள்வாள். இப்படிக்கு, அமலி."

அதோடு குரல் போய்விட்டது. அமலி இன்னும் ஏதோ சொல்ல உதட்டை அசைத்தாள், காற்றுதான் வந்தது. ஜெசிந்தாவின் மடியில் இருந்த திரையில், காத்திருக்கும் மெயில் எதுவும் இல்லை என்று காட்டியது. மணி பதினொன்று முப்பத்தெட்டு. அவர் கேட்க வேண்டுமென்று அவள் ஒரு மாதமாக நினைத்தது நாலு பேர் பார்க்க நடந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அவள் வாயருகே வருவதற்குள், அந்தக் கடைசிக் குறிப்பு அவளைப் பிடித்துக்கொண்டது.

அதிகாரி அம்மா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, மெயில் அனுப்பிய தேதியையும் நேரத்தையும் ஜெசிந்தாவின் திரையில் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு முதலாளியிடம் திரும்பி, வரிசை தீர்ந்துவிட்டதால் ஒழுங்காகவே பேசினார்.

"யாரும் சொல்லலன்னு எங்க ஆபீசுக்கு வாக்குமூலம் குடுத்திருக்கீங்க. இனி கோர்ட்டுல பார்த்துக்கலாம். கேஸ் முடியுறவரைக்கும் இந்தப் பெட்டி சாட்சி. எது இருக்கோ அப்படியே இருக்கணும். பெரிசாக்கவும் கூடாது, ஒரு வாழ்த்தைக்கூட அழிக்கவும் கூடாது."

கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் வராந்தாவில் சுடலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த மாதிரி ஒரு கேஸ் எத்தனை வருஷம் நடக்கும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அத்தனை வருஷமும் பெட்டி நிரம்பியே இருக்கும், மெயில் வாய்வழியாகத்தான் வரும் என்பது பொன்னுலிங்கத்துக்கு மட்டும் உடனே உறைக்கவில்லை. தலைக்கு வந்தது போய்விட்டது, வரிசை தீர்ந்துவிட்டது, வக்கீல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தவர்போல நெற்றியைத் துடைத்தார்.

அதில் தனக்கு என்ன கிடைத்திருக்கிறது என்பதை அமலி அங்கேயே புரிந்துகொண்டாள். அவள் அறையை விட்டு வெளியே வந்து, அக்காவின் மடியிலிருந்து லேப்டாப்பை எடுத்து, சன்னல் திண்டில் வைத்து நின்றபடியே தட்ட ஆரம்பித்தாள். வேகமாகத் தட்டினாள், ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை, ஒன்றையும் அழிக்கவில்லை. அனுப்பினாள். பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. காத்திருக்கும் மெயில் ஒன்று என்று திரை காட்டியது. அமலி லேப்டாப்பை அக்காவிடமே கொடுத்துவிட்டு, உள்ளே போய், முதலாளிக்கு நேர் எதிரே நின்று வாயைத் திறந்தாள்.

"பெறுநர், திரு பொன்னுலிங்கம். அனுப்புநர், அமலி. பொருள், என் அக்கா."

ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

"ஐயா, மெயில் திரும்பி வந்த அன்றைக்கே நான் என் அக்காவிடம் போய்ச் சொன்னேன். ரெண்டு நாள் பொறுட்டி, முதலாளி போட்டோவெல்லாம் பாத்து முடிக்கட்டும், பெறவு பெட்டியப் பெரிசாக்கேன் என்றாள். அவள் உங்களுக்குப் பயந்தாள். எனக்காகப் பயப்படவில்லை. ரெண்டு நாள் ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைக் கடந்துதான் நான் வேலைக்குப் போனேன். இதைப் போனில் தட்டி அவளிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. என் வாயால் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். எனக்கு வாய் இருப்பது உங்கள் முன்னால் மட்டும் என்று ஆகிவிட்டது. அவள் கதவுக்கு வெளியேதான் நிற்கிறாள். கேட்கட்டும். இப்படிக்கு, அமலி."

வராந்தாவில் யாரும் ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று பார்க்கவில்லை. சுடலி சுக்குக் காப்பி ஒரு டம்ளரை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். கையிலிருந்த லேப்டாப்பில் பெட்டியின் கொள்ளளவைக் கூட்டும் அந்த எண் இன்னும் இருந்தது. ஒன்றை மாற்றி, ஒன்றை அமுக்கினால் போதும், அதிகாரி என்ன சொன்னாலும் எந்தக் கோர்ட்டும் கண்டுபிடிக்காத மாதிரி அதைச் செய்ய அவளுக்குத் தெரியும், அதற்குப் பிறகு அந்தக் குரல் அவளைக் கேள்வி கேட்காது. அவள் லேப்டாப்பை மூடினாள். நாற்காலியைக் கதவுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உள்ளே பொன்னுலிங்கத்துக்கு இப்போதுதான் உறைத்தது.

"இன்னும் எத்தனைம்மா இருக்கு?" என்று கேட்டார்.

பதில் சொல்ல அமலிக்கு இன்னொரு மெயில் வேண்டும். அவள் வெளியே வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். ஜெசிந்தா லேப்டாப்பைத் திறந்து கொடுத்தாள்.